இந்தச் சாக்கடை யாருடையது?

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளியல் என்று நான்கு பாகம், பாகத்துக்கு 20. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் குடிமையியலுக்கு உள்ள இடம் அந்த 20தான். தேர்வு முடிந்த வாரமே கூட்டாட்சியும் அதிகாரப் பகிர்வும் கைடு புத்தகங்களோடு சேர்ந்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகின்றன. தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளியில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் மூன்றையும் தடுமாறாமல் சொல்லும் மாணவிகள் என் வகுப்பில் உண்டு. அவர்களிடம், உன் வீட்டு முன்னால் மழைக்குப் பொங்குகிறதே, அந்தச் சாக்கடையை யார் தூர்வார வேண்டும் என்று கேட்டால், “அரசாங்கம், மிஸ்” என்பார்கள். எந்த அரசாங்கம் என்று கேட்டால் பதில் வராது.

தில்லியில் இந்தக் கேள்விக்குப் பெரியவர்களுக்கே பதில் தெரிவதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனால் 1991இல் வந்த 69ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி காவல்துறை, பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் அந்தச் சட்டமன்றத்தின் கைக்கு வராது. அவை மத்திய அரசிடம் இருக்கின்றன. 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட மாநகராட்சி 2022இல் மறுபடி ஒன்றாகி, இப்போது 250 வார்டுகளோடு இயங்குகிறது. லோதி எஸ்டேட்டும் கன்னாட் பிளேஸும் அந்த மாநகராட்சியில் சேர்ந்தவையே அல்ல. அங்கே புது தில்லி நகராட்சி மன்றம். அதற்கு வார்டு தேர்தல் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. கன்டோன்மென்ட்டுக்குத் தனி வாரியம். பூங்காக்களும் காலி நிலங்களும் பெரும்பாலும் 1957இல் தொடங்கிய தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ.விடம், அதன் தலைவர் துணைநிலை ஆளுநர். தண்ணீருக்கு ஜல் போர்டு. மின் விநியோகம் 2002 முதல் நகரின் பெரும்பகுதியில் தனியார் நிறுவனங்களிடம்.

அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய தேவை இருந்ததில்லை. குழாய் ஒழுகினாலும் சுவர் ஈரம் கசிந்தாலும் பக்கத்து ‘என்கொயரி’ அலுவலகத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு வருவார்கள். ஆள் வந்து சரிசெய்வார். பணி ஓய்வு பெற்று லட்சுமிபாய் நகரிலிருந்து மயூர் விகாருக்கோ துவாரகைக்கோ குடிபோன பிறகுதான் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வியே எழுகிறது. குடிசைப் பகுதிகளில் இருப்பவர்களுக்கோ முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்விதான்.

எனவே குடிமையியலைப் பிள்ளையின் வீட்டு வாசலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடியரசுத் தலைவரில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி, வார்டுக்கு வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். பள்ளியை ஒட்டிய ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதில் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் யார் பொறுப்பு என்று எழுதச் சொன்னேன். மின்கம்பத்தில் பெயின்ட்டால் எழுதிய எண், பாதாளச் சாக்கடை மூடியில் வார்த்திருந்த எழுத்துகள், பூங்கா வாயிலில் துருப்பிடித்த பலகை, பஸ் நிறுத்தத்தின் கூரை, வேப்பமரம், குப்பைத் தொட்டி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். சாலையோர வடிகாலுக்கு வந்தபோது சிக்கல் வந்தது. தில்லியில் 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுவாகப் பொதுப்பணித் துறையுடையவை. அதற்குக் குறைந்தவை மாநகராட்சியுடையவை. ஆக, சாலையை அளந்தால்தான் வடிகாலின் சொந்தக்காரர் யார் என்று தெரியும்.

உடற்பயிற்சி ஆசிரியரிடம் டேப் வாங்கி வந்தார்கள். அளப்பதற்கு முன்பே வாதம் தொடங்கிவிட்டது. நடைபாதையைச் சேர்த்து அளப்பதா, விட்டுவிட்டு அளப்பதா? தார் போட்ட பகுதி மட்டும்தான் சாலை என்று ஒரு கட்சி. மனிதன் நடக்கும் இடமும் சாலைதானே என்று இன்னொரு கட்சி. நடைபாதையை விட்டு அளந்தால் 60 அடிக்குள் அடங்கியது. சுவருக்குச் சுவர் அளந்தால் 62 அடி. சாலையின் அகலம் என்று ஆவணங்கள் சொல்வது நடைபாதையையும் உள்ளடக்கிய முழு அகலத்தைத்தான் என்பதைத் தேடிப் படித்துக் கண்டுபிடித்தவன், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். அன்று அவன் பேசிய பேச்சை நான் எந்தப் பேச்சுப் போட்டியிலும் கேட்டதில்லை.

அதோடு விடவில்லை. ஒரு மாணவியின் தாயார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுத முன்வந்தார். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஒரு வெள்ளைத் தாள், நான்கு கேள்விகள்: கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவு, ஒப்பந்ததாரர் யார், எடுத்த சேற்றை எங்கே கொட்டினார்கள். வேண்டுமென்றே ஒரு விஷயத்தை அவரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தேன். தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டாலும் பயமில்லை. அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு, ஐந்து நாட்களுக்குள் அதைச் சரியான அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்பிய விவரத்தை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். தவறான கதவைத் தட்டிவிட்டோமோ என்ற அச்சத்தில்தான் பாதிப் பேர் கதவைத் தட்டுவதே இல்லை. இந்த ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டால் அந்த அச்சம் போய்விடும். 2005 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. எத்தனை வகுப்பறைகளில் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டியிருப்போம்?

பதில் வந்தது. சாக்கடை மறுநாளே சுத்தமாகிவிடவில்லை. ஆனால் பதிலில் ஒரு தேதி இருந்தது, ஒரு தொகை இருந்தது, கீழே ஒரு பொறியாளரின் பதவிப் பெயர் இருந்தது. அடுத்த மழைக்கு முன்பு அந்தத் தாயார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதவியில் இருந்தவரைப் போய்ப் பார்த்தார். ‘சார், ஏதாவது செய்யுங்கள்’ என்று கெஞ்சவில்லை. போன முறை இந்தத் தேதியில் செய்திருக்கிறீர்கள், இந்த முறை எப்போது என்று கேட்டார். இருக்கையைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தத் தெருவில் இருக்கிறேன், ஒரு அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல்முறை என்றார் என்னிடம்.

இந்தப் பாடம் நம் நாட்டுக்கு வந்த வரலாறும் இதற்கு நேர் எதிரானது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான மனநிலை வளர்ந்து வந்த காலத்தில், கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் வலியுறுத்தும் நோக்கத்தோடு குடிமையியல் பள்ளிக்குள் நுழைந்தது என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே பதிவு செய்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பாடநூல்கள் மாறின. கதைகள், கேள்விகள், படங்கள் என்று நன்றாகவே மாறின. தேர்வுமுறை அதே வேகத்தில் மாறவில்லை. ‘இடது பக்கம் நட, வரிசையில் நில், வரி கட்டு’ என்ற அளவில்தான் பல பெற்றோர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையின் இறுதி விவாதத்தில், சென்னையிலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், அரசியல் சட்டம் கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் சிறு நூலாக இருக்கும் என்று தான் எண்ணியிருந்ததாகச் சொன்னார். அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்தது. சட்டம் பெரிதாகிவிட்டது, சரி. அதிலிருந்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பத்துப் பக்கத்தையாவது கைப்பைக்குள் வைத்துக் கொடுக்கும் வேலை ஆசிரியர்களுடையது.

ஆசிரியர்கள் என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் ஜனநாயகத்தின் கைவேலையைச் செய்கிறவர்களில் பெரும்பகுதி நாங்கள்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆசிரியரைக் கல்விசாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகப் போகிறவர்களில் எத்தனையோ பேர் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும். 6ஆம் படிவம் வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்க, 7 நீக்கக் கோர, 8 முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் என்பது எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டு, ‘தேர்தலின் முக்கியத்துவம் யாது?’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். கையில் இருக்கும் அனுபவத்தைப் பாடமாக்க எங்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை.

2024 மே 25 அன்று, தில்லி கொதித்துக்கொண்டிருந்த நாளில், ஒரு வாக்குச்சாவடியில் முதல் வாக்குப்பதிவு அலுவலராக உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் வாக்காளரின் பெயரைக் கண்டுபிடித்து, வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்து, கோடு போடுவது அந்த இருக்கையின் வேலை. பட்டியல் இந்தியில். ஒரு தமிழ்ப் பாட்டி வந்தார். அடையாள அட்டை சரியாக இருந்தது, வரிசை எண் சரியாக இருந்தது. பெயரைப் படித்தேன். அவர் அசையவில்லை, பின்னால் திரும்பி யாரையோ பார்த்தார். பட்டியலில் இருந்த பெயர் தன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. பழனியம்மாள் போன்ற ஒரு பெயர் இந்திக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, மறுபடி இந்திக்குப் போகும்போது பலானி அம்மல் ஆகலாம், பலனி அம்மா ஆகலாம். முன்னெழுத்து குடும்பப் பெயராகி முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. வாக்களிக்கும்போது இது பெரிய தடையாக இருப்பதில்லை. எழுத்துப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. ஆனால் வேறு இடங்களில் இதே பிழை ஒரு குடும்பத்தையே நிறுத்தி வைத்துவிடும். அந்தப் பாட்டிக்கு வேண்டியிருந்தது 8ஆம் படிவம் ஒன்று. அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தேர்தல் ஆணையத்தின் அமைப்பைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதத் தெரிந்தவள்.

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பு முகவர்கள் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் போட்டு, எண்ணிக் காட்டி, பிறகு அழித்துவிட்டுத்தான் இயந்திரத்தை மூட வேண்டும். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் வி.வி.பேட் சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். முகவர் யாரும் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கரண்ட் போய்விட்டால்? மை வைக்க வேண்டிய விரலே இல்லாதவருக்கு எங்கே மை வைப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் விடை இருக்கிறது. அரசு என்பது எங்கோ இருக்கும் பெரிய கட்டடம் என்ற எண்ணம் அன்று அவர்களிடம் கொஞ்சம் குலைந்தது என்று நினைக்கிறேன். விடிகாலையில் ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து, முத்திரை அரக்கு உருக்கி, வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுத உதவும் தங்கள் மிஸ்ஸும் அரசுதான் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

பள்ளியில் சொன்னது வீடு போய்ச் சேர வேண்டும். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு மொட்டை மாடியில் கூடும் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கம் அதிகம். ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஆரஞ்சும் வேர்க்கடலையும் உரித்துக்கொண்டே இந்த வகுப்பை நடத்துகிறோம். வருகிறவர்களில் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவரும் உண்டு. வீட்டு வேலை செய்யும் விழுப்புரத்து அக்காக்களும் உண்டு. நடத்துவது பெரும்பாலும் மாணவர்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது மாடி நிரம்பிவிட்டது. ஊரிலும் பெயர் இருக்கிறது, இங்கும் இருக்கிறது, எதை வைத்துக்கொள்வது? ஒரு பெரியவர் ஆணித்தரமாகச் சொன்னார்: “வீடு ஊரில் இருக்கிறது, குலதெய்வம் ஊரில் இருக்கிறது, ஓட்டும் ஊரில்தான்.” பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “தாத்தா, சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அந்தத் தொகுதியில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் எழுதியிருக்கிறார்கள்” என்று படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 17, 18ஆவது பிரிவுகள் சொல்வதையும் படித்தாள். பெரியவருக்கு முகம் வாடியது. ஊர்ப் பட்டியலில் இருக்கும் பெயர் வெறும் பெயரா என்ன? அப்பா பெயருக்குக் கீழே தன் பெயர், அதற்குக் கீழே தம்பி பெயர் என்று அச்சில் கிடக்கும் குடும்பம் அது. அன்று முடிவு சொல்லாமலே போனார். பிறகு அவரே வந்து, நாற்பது ஆண்டுகளாகத் தண்ணீர் குடிப்பது யமுனையில்தானே என்று சொல்லி 7ஆம் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார். சட்டத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அது ஒரு மனிதனுக்குள் என்னென்னவற்றைத் தொடுகிறது என்பதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் அன்று கற்றுக்கொண்டாள். எந்தப் பாடநூலும் அதை அவளுக்குச் சொல்லித் தந்திருக்காது.

வாக்காளர் பட்டியல் ஓட்டுப் போட மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப்பைச் சொல்ல வேண்டும். பாராபுல்லா வடிகால் ஓரத்தில் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த இடம். வடிகாலின் அடைப்பை நீக்க அந்தக் குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; ஜூன் 1 அன்று இடித்தார்கள். தகுதியுள்ள குடும்பங்களுக்கு நகரின் வட கோடியில் நரேலாவில் வீடு; மற்றவர்களுக்கு இல்லை. அந்தத் தகுதியை எது முடிவு செய்தது? 2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கை. அதன்படி 2015 ஜனவரி 1க்கு முன்பே அங்கே குடிசை இருந்திருக்க வேண்டும். 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலைக்காக மூன்று ஆண்டு ஊருக்குப் போய்வந்தவர், கணவர் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று விட்டவர், பதினெட்டு வயதானதும் பெயர் சேர்க்காமல் ஒத்திப்போட்ட பிள்ளை என்று இப்படிப்பட்டவர்களை என் மாடி வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒருநாள் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரிதான் கூரையா வெட்டவெளியா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். அந்தக் கொள்கை நியாயமானதா என்று வாதாடலாம், நான் வாதாடுவேன். ஒரு எழுத்துப் பிழையும் ஒரு இடைவெளியும் குடும்பத்தை வெளியே நிறுத்தக் கூடாது. ஆனால் வாதாடி வெல்லும் வரை, இந்த விதி இப்படி இருக்கிறது என்று தமிழில் அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டாமா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இதை மாடியில் சொன்னபோது ஓர் அக்கா கைப்பேசியில் அந்த எண்ணைச் சேமித்துவிட்டு, “இத்தனை நாள் இதை யாருமே சொல்லவில்லையே, டீச்சரம்மா” என்றார். அவருடைய மகள் அரசியல் அறிவியல் பட்டதாரி.

புதிதாகத் திட்டங்கள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தில்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டி 1966-67 முதலே நடக்கிறது. 2018 ஜனவரியில் தேர்தல் ஆணையம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேர்தல் கல்வி மன்றங்களைத் தொடங்கியது. பள்ளிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் ‘சுனாவ் பாட்சாலா’ என்று ஒன்றை வகுத்தது. நவம்பர் 26ஐ 2015 முதல் அரசியல் சட்ட நாளாகக் கொண்டாடுகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். எல்லாம் இருக்கிறது. பல இடங்களில் இவை ஒரு போட்டோவோடும் ஓர் அறிக்கையோடும் முடிந்துவிடுவதுதான் என் மனக்குறை. இளையோர் நாடாளுமன்றத்தில் பிள்ளைகள் வெளியுறவுக் கொள்கை பற்றி முழங்குகிறார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வியாவது பள்ளிக் கழிப்பறைக்கான ஒதுக்கீடு பற்றி இருக்கட்டும். பள்ளி முதல்வர் வந்து பதில் சொல்லட்டும். நவம்பர் 26 அன்று முகப்புரையைப் படித்த கையோடு, பதினேழு வயதானவர்கள் முன்கூட்டியே 6ஆம் படிவம் நிரப்பலாம் என்பதால், அங்கேயே உட்கார்ந்து நிரப்பட்டும். இப்போது பதினெட்டு வயது நிரம்பியதைக் கணக்கிட ஆண்டுக்கு ஒரு தகுதி நாள் என்ற முறை போய், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என நான்கு இருக்கின்றன; அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற சாக்குக்கு இடமில்லை.

ஆசிரியர்களுக்கு நான் கேட்பது வாரத்தில் ஒரு பாடவேளை. தேர்வுக்குக் கணக்கில் வராத, வகுப்பை விட்டு வெளியே போக அனுமதியுள்ள ஒரு பாடவேளை. நாற்பது நிமிடத்தில் ஒரு தெருவை அளக்கலாம், ஒரு மனு எழுதலாம், ஒரு வார்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வரலாம். தேர்தல் பணிக்கு எங்களை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கிறவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பத்து நிமிடத் தூரம் நடக்கவும் எங்களை நம்பலாம்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. தில்லியில் பிறந்த தமிழ்ப் பிள்ளையின் வீட்டில் தாய்மொழி என்ற கேள்வி வரும்போது, கேட்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘இந்தி’ என்று சொல்லிவிடும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தாய்மொழி ஒன்று, அறிந்த பிற மொழிகள் வேறு என்று 2011 கணக்கெடுப்பிலேயே தனித்தனியாகக் கேட்டார்கள். மாடி வகுப்பில் பிள்ளைகள் கணக்கெடுப்பாளராக நடித்து, பெரியவர்களிடம் தமிழிலும் இந்தியிலும் கேட்டுப் பழகத் தொடங்கியிருக்கிறார்கள். கணக்கெடுப்புப் பணிக்குப் பெயர் வந்திருக்கும் ஆசிரியர்கள், பயிற்சியில் தரும் கையேட்டை முடித்ததும் பரணில் போடாமல் எட்டாம் வகுப்புக்கு எடுத்து வாருங்கள். கேள்விகளைப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். சந்தேகம் வரும் இடங்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.